ஃப்ரிஸ்கோ வீட்டுப் பத்திரம்: குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

செந்தில்: அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸின் ஃப்ரிஸ்கோ நகரில் வாங்கும் வீட்டுக்கு அடுத்த வாரம் குளோசிங், அதாவது பத்திரம் எங்களுக்கு மாறும் இறுதிக் கையெழுத்து. நியூஜெர்சி வீட்டுப் பத்திரத்தில் எங்கள் இருவர் பெயரும் கணவன், மனைவி என்ற குறிப்போடு இருந்தது. இங்கும் அப்படியே எழுதிவிட்டால், ஒருவர் காலத்துக்குப் பிறகு வீடு தானாகவே மற்றவருக்குச் சேர்ந்துவிடும் அல்லவா?

சித்தப்பா (சாக்ரமென்டோ): சேராது, செந்தில். நியூஜெர்சியில் தம்பதியர் பெயரில் வாங்கும் வீடு, வேறு விதமாக எழுதாதவரை, 'டெனன்ஸி பை தி என்டயரிட்டி' என்ற வகையில் அடங்கும். ஒருவர் இறந்ததும் முழு வீடும் மற்றவருடையது. டெக்சாஸில் அந்த வகையே கிடையாது. டெக்சாஸையும் எங்கள் கலிஃபோர்னியாவையும் சேர்த்து 9 மாநிலங்களில் இருப்பது 'கம்யூனிட்டி பிராப்பர்ட்டி' எனும் கூட்டுச் சொத்து முறை; திருமணத்துக்குப் பின் யார் சம்பாதித்தாலும் இருவருக்கும் சரிபாதி. ஆனால் இறந்தவரின் பாதி மற்றவருக்குத் தானாக வர, டெக்சாஸில் இருவரும் கையெழுத்திட்ட தனி ஒப்பந்தம் வேண்டும்.

பெரிய அக்கா (எடிசன்): இங்கே நியூஜெர்சியில் தம்பதியரில் ஒருவர் மற்றவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தன் பங்கை விற்கவே முடியாது. அங்கே அந்தப் பாதுகாப்பும் இல்லையா, சித்தப்பா?

சித்தப்பா: அது இருக்கிறது, அம்மா. குடியிருக்கும் வீடு யாருடைய சொத்தாக இருந்தாலும், இருவரும் கையெழுத்திடாமல் அதை விற்க முடியாது.

வித்யா: மாமா, முன்பணம் முழுவதும் இவர் நியூஜெர்சியில் வாங்கிய சம்பளத்திலிருந்து தம் பெயரில் சேமித்தது. அதுவும் எங்கள் இருவருடையது என்றுதானே ஆகும்?

சித்தப்பா: இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அந்தப் பணத்தைச் சம்பாதித்தபோது நீங்கள் வாழ்ந்த மாநிலத்தின் சட்டமே அதற்குப் பொருந்தும்; நியூஜெர்சியில் சம்பளம் சம்பாதித்தவருக்கே சொந்தம் என்பதால், டெக்சாஸிலும் அது செந்திலின் தனிச்சொத்து. விவாகரத்து என்றால் நீதிமன்றம் அதைக் கூட்டுச் சொத்தைப் போலவே பிரிக்கும். மரணம் என்றால் பிரிக்காது. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1987-இல் ஹனாவ் வழக்கில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. இருவர் பெயரிலும் பத்திரம் எழுதினால், முன்பணத்தில் பாதியை உனக்குப் பரிசாகத் தந்ததாகக் கருதுவார்கள். மீதிப் பாதி தனிச்சொத்தாகவே நிற்கும். அவன் உயில் எழுதாமல் போனால், அந்தப் பங்கில் மூன்றில் ஒரு பாகத்தை உன் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமைதான் உனக்கு, மற்றதெல்லாம் பிள்ளைகளுக்கு. நீ அந்த வீட்டில் கடைசிவரை குடியிருக்கலாம் என்பது வேறு விஷயம். குடியிருப்பது உடைமை ஆகாது.

செந்தில்: இதற்கு மாற்று இருக்கிறதா?

சித்தப்பா: இருக்கிறது. 2000 ஜனவரி முதல் டெக்சாஸில் தம்பதியர் தனிச்சொத்தைக் கூட்டுச் சொத்தாக மாற்றி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். வரியிலும் அது லாபம். 4 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு 10 லட்சம் ஆன பிறகு ஒருவர் இறந்தால், கூட்டுச் சொத்தாக இருந்தால் முழு வீட்டின் அடக்க விலையும் (பிறகு விற்கும்போது லாபத்தைக் கணக்கிட, வாங்கிய விலையாக வரித்துறை எடுத்துக்கொள்ளும் தொகை) 10 லட்சமாக உயர்த்தப்படும். நியூஜெர்சி முறையில் இறந்தவரின் பாதிக்கு மட்டுமே அந்த உயர்வு என்பதால், அடக்க விலை 7 லட்சத்தோடு நின்றுவிடும். ஆனால் மாற்றி எழுதிய பணத்தைத் திரும்பத் தனிச்சொத்து என்று கோர முடியாது. கடன் கொடுத்தவர்களும் அதன்மேல் உரிமை கோரலாம். இருவரும் யோசித்துக் கையெழுத்திடுங்கள்.

வித்யா: அப்படியானால் இரண்டு ஒப்பந்தங்களையும் வக்கீலிடம் சேர்த்தே எழுதச் சொல்கிறோம், மாமா.

சித்தப்பா: நல்லது. முன்பணம் வந்த வங்கிக் கணக்கின் விவரங்களையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பணம் எங்கே சம்பாதித்தது என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.