உதவி: நீலத் தண்ணீர் தொட்டியின் அடிக்கு இறங்கவில்லை, நாளை கண்காட்சி!

குமரிமுனை: அவசரம். நாளை காலை மகளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. தலைப்பு ஆழ்கடல் நீரோட்டம். கண்ணாடித் தொட்டியின் ஒரு மூலையில் நீலச் சாயம் கலந்த ஐஸ்கட்டி போட்டிருக்கிறோம். உருகும் குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கித் தரையோடு ஓட வேண்டும். இறங்கவே இல்லை. மேலேயே ஒரு விரல் கனத்துக்கு நீலமாக நிற்கிறது. என்ன செய்யலாம்?

அலையாத்தி: தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி? ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது?

வெந்நீர்ப்பானை: சூடு பத்தாது. தொட்டித் தண்ணீரை நன்றாகச் சுட வையுங்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் 998 கிராம், 60 டிகிரியில் 983தான். வெப்பம்தான் எல்லாம்.

நிறமாலை: சாயத்தில்தான் கோளாறு. வேறு கம்பெனி சாயம் வாங்குங்கள்.

ஆழி: சாயம், சூடு என்று அடுக்குவதற்கு முன் முதலில் கேட்க வேண்டியதை ஒருவரும் கேட்கவில்லை. தொட்டியில் உப்பு உண்டா? அடர்த்தி பள்ளிப் பாடம். அதை மறந்தவர்கள் பதில் சொல்ல வராமல் இருக்கலாம்.

குமரிமுனை: கடல் ஆயிற்றே, உப்பு போட்டுத்தான் இருக்கிறேன். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி. ஐஸ் குடிதண்ணீரில் செய்தது.

ஆழி: அவ்வளவுதான் விஷயம். கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதனால் லிட்டருக்கு 25 கிராம் போல எடை கூடும். குடிதண்ணீரை 30 டிகிரியிலிருந்து 0 வரை குளிர்வித்தாலும் கூடுவது 4 கிராம் சொச்சம்தான். தொட்டியை 60 டிகிரிக்குச் சுட வைத்தாலும் உப்புத் தண்ணீர்தான் கனம். நீலத் தண்ணீரிலும் அதே அளவு உப்பு போட்டு, உறையவிடாமல் ஃபிரிட்ஜில் குளிரவைத்து, சுவர் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள்.

அலையாத்தி: முதல் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். கிரீன்லாந்துப் பனி உருகி வரும் நன்னீர் இப்படித்தான் மேலே தங்கும். கிரீன்லாந்துக்கும் கனடாவுக்கும் நடுவிலுள்ள லாப்ரடார் கடலில் குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து இறங்குவதை அது தடுத்துவிடுமோ என்பதுதான் ஆய்வாளர்களின் கவலை. அண்டார்க்டிகாவின் வெட்டெல் கடலில் நேர்மாறு: கடல்நீர் உறையும்போது உப்பை வெளியே தள்ளுகிறது, மிச்ச நீர் கனத்து இறங்குகிறது.

வெந்நீர்ப்பானை: அப்படியென்றால் வெப்பத்துக்கு வேலையே இல்லையா?

ஆழி: வட பசிபிக்கும் குளிர்ந்த கடல்தான். அங்கே ஏன் மேல்நீர் அடிவரை போவதில்லை? உப்பு குறைவு. மத்தியதரைக் கடல் நீர் வெதுவெதுப்பானது, ஆனால் ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டியதும் அட்லாண்டிக்கில் சுமார் 1000 மீட்டர் இறங்குகிறது. உப்பு.

வெந்நீர்ப்பானை: 1000 மீட்டரோடு ஏன் நிற்கிறது? அதற்குக் கீழே இருப்பது குளிர்ந்த நீர். சொல்லுங்கள்.

அலையாத்தி: இரண்டு பேர் சொல்வதும் இடத்தைப் பொறுத்தது. வெப்பமண்டலக் கடலில் 1 டிகிரி குளிர்ந்தால் லிட்டருக்கு 0.3 கிராம் கூடும். துருவத்தருகே 0 டிகிரியில் அது 0.1 கூட வராது. அதனால் அங்கே உப்பின் கை ஓங்கும்.

நெய்தல்: வங்காள விரிகுடாவை விட்டுவிட்டீர்களே. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொட்டும் நன்னீரால் அதன் மேல்நீர் அரபிக்கடலைவிட உப்பு குறைந்தது, லேசானது. கீழுள்ள நீரோடு எளிதில் கலக்காது.

ஆழி: அது தனி இழைக்கான விஷயம்.

குமரிமுனை: ஃபிரிட்ஜில் வைத்து ஊற்றினோம், அடியோடு ஓடுகிறது. இரண்டு தொட்டியையும் கொண்டு போகிறோம். நன்றி.

நிறமாலை: தொட்டி எவ்வளவு நீளம்? என் வகுப்புக்கும் செய்யணும்.