எரிமலைச் சாம்பலும் வாயுவும்: நேரில் பட்டவர்களின் அனுபவங்கள்

2014 பிப்ரவரி 13 இரவு கிழக்கு ஜாவாவில் கெலுட் எரிமலை வெடித்தபோது நான் யோக்யகர்த்தாவில் இருந்தேன். இடையில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இருந்தும் காலையில் பார்த்தால் கூரை, மரம், சாலை எல்லாமே ஒரே நிறம். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரி மெத்தென்று இருக்காது; பொடியான பாறையும் கண்ணாடியும்தான். கண்ணைக் கசக்கவே கூடாது. வண்டிக் கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். நிறையத் தண்ணீர் விட்டால் கனத்த சேறாகிச் சாக்கடையை அடைத்துக்கொள்ளும். லேசாகத் தெளித்துக் கூட்டி அள்ளுவதுதான் வழி.

*

சாம்பலாவது கண்ணுக்குத் தெரியும். 2018-இல் கிலாவேயா எரிமலை மாதக்கணக்கில் குழம்பைக் கக்கியபோது நான் ஹவாயின் பெரிய தீவில், கோனா கரையில் இருந்தேன். எரிமலை இருப்பது தீவின் மறுபக்கம். ஆனால் காற்று அதன் சல்பர் டை ஆக்சைடு என்ற கந்தக வாயுவைத் தெற்கு முனை சுற்றிக் கொண்டுவந்துவிடும். வழியில் வெயிலும் ஈரமும் பட்டு அது கந்தக அமில நுண்துளிகளாக மாறும். வெளிறிய மூட்டம், தொண்டை எரிச்சல், நெஞ்சில் இறுக்கம். ஆஸ்துமா உள்ளவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: என்95 முகக்கவசம் நுண்துளிகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் வெளியே நடமாட வேண்டாம். கதவு, சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள். முடிந்தால் கொஞ்ச நாள் வேறிடம் போய்விடுங்கள்.

*

அதே கந்தகம் மேலே போனால் கதை வேறு. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ வெடித்த பிறகு வந்த அந்திகளைப் பார்த்திருக்கிறேன். சூரியன் மறைந்து வெகுநேரம் கழித்தும் வானம் ஊதா கலந்த சிவப்பில் இருக்கும். எவ்வளவு அழகு! சாம்பல் சீக்கிரமே விழுந்துவிடும். மழை எட்டாத அடுக்கு மண்டலத்துக்குப் போன கந்தகமோ ஓரிரு ஆண்டுகள் தங்கி வெயிலைத் திருப்பி அனுப்பும். பினட்டுபோ அங்கே சேர்த்தது 1.5 முதல் 2 கோடி டன் சல்பர் டை ஆக்சைடு. அடுத்த ஆண்டு பூமியின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 0.5 டிகிரி செல்சியஸ் குறைந்தது. கிலாவேயாவின் வாயு தாழ்வாகவே பரவியதால் மூச்சைத்தான் பதம் பார்த்தது, பருவநிலையை அல்ல.

அதற்காக எரிமலை வெடித்தாலே உலகம் குளிரும் என்று சொல்லிவிட முடியாது. 2022 ஜனவரியில் டோங்காவில் கடலடியில் வெடித்தது கந்தகத்தைவிட நீராவியைத்தான் அதிகம் மேலே ஏற்றியது. நீராவி வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அப்போது அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாராவது இருந்தால் அவசியம் எழுதுங்கள்.