அடையாறு முகத்துவாரத்தில் உப்புத்தன்மை அளக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் தண்ணீரின் மின்கடத்துத்திறனைத் தொடர்ந்து பதிவு செய்கிறோம்; உப்பு கூடினால் அதுவும் கூடும். மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே வருவது நின்றுவிடும். அங்குள்ள நண்டு, மீனுக்கெல்லாம் அது வாழ்வா சாவா என்கிற விஷயம்.

எங்களிடம் இருப்பது இரண்டு மின்முனைகள் கொண்ட ஒரு சென்சார். ஆற்றுநீரில் சரியாகக் காட்டுகிறது. ஆனால் ஓதம் ஏறிக் கடல்நீர் நிறைந்ததும் அளவைக் குறைத்துக் காட்டுகிறது. 25 டிகிரியில் கடல்நீர் சென்டிமீட்டருக்குச் சுமார் 53 மில்லிசீமென்ஸ் காட்ட வேண்டும். அதை நெருங்கவே மாட்டேன் என்கிறது. வெப்பநிலைத் திருத்தம், டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம், போட்டாயிற்று. மாறுமின்னோட்டம்தான் கொடுக்கிறோம். மின்முனைகளின் மேல் அயனிகள் சேர்வதால் வரும் முனைவாக்கம்தான் காரணமாக இருக்கும் என்று படுகிறது.

இந்தச் சிக்கல் அவ்வளவாக வராத, நான்கு மின்முனைகள் கொண்ட சென்சாரை உப்பங்கழியில் பயன்படுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சென்னையில் ஏதாவது ஆய்வகம் சில நாள் இரவல் தந்தால், இரண்டையும் ஒரே இடத்தில் இறக்கி ஒப்பிட்டுவிடலாம். அப்புறம், பாசி படிவதைத் தடுக்க என்ன செய்கிறீர்கள்? வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் சரிசெய்தாக வேண்டும்.