மறு: ஃபென்சிங் கலைச்சொற்கள்: பீஸ்டுக்கு (வாள் விளையாட்டு நடக்கும் நீண்ட பட்டைக்கு) ‘வரப்பு’ சரிப்படுமா?

வணக்கம் ஐயா,

> ஃபென்ஸ் என்பதே டிஃபென்ஸ் என்பதன் குறுக்கம்தான். தோட்டத்து வேலிக்கும் வாள் விளையாட்டுக்கும் ஒரே வேர். எனவே ‘வாள்வேலி’ எனலாம். பீஸ்டுக்குத் ‘தடம்’.

வேர் சரிதான், ஆனால் அது ஆங்கிலத்தின் வேர். நமக்கு வேலி என்றால் கிளுவையும் முள்கம்பியும். தஞ்சைப் பக்கம் கேட்டால் அது நில அளவு: 20 மா, அதாவது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். போன மாதம் எனக்கு மெய்ப்புக்கு வந்த செய்தி ஒன்றில், ‘மகளிர் வேலி அமைத்தலில் வெள்ளி’ என்று இயந்திரம் மொழிபெயர்த்து வைத்திருந்தது. அந்தக் கூத்தை நாமே தெரிந்து செய்ய வேண்டாம்.

வாள்வீச்சே இருக்கட்டும். ‘வீச்சு’ பொருந்தாது என்று நம் குழுவில் அக்கா ஒருவர் சொன்னதில் நியாயம் உண்டு: ஆட்டத்தில் மூன்று வகை வாள்; அவற்றில் ஃபாயில், எப்பே இரண்டிலும் முனையால் குத்தினால்தான் புள்ளி. எப்பேயின் நுனியில் ஒரு சின்னப் பொத்தான். 750 கிராம் எடையைத் தள்ளும் அளவுக்கு அழுந்தினால்தான் விளக்கு எரியும். வெட்டு செல்லுபடியாவது சேபரில் மட்டும். ஆனால் நம் வீராங்கனை பவானி தேவியின் வாள் அந்தச் சேபர்தான். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் சுற்றை அவர் 15-3 என்று வென்றபோது டீக்கடைப் பேப்பர் வரை ‘வாள்வீச்சு’ போய்விட்டது. இனி மாற்றினால் நாம் மட்டும்தான் எழுதிக்கொண்டிருப்போம்.

பீஸ்டுக்கு வருகிறேன். 14 மீட்டர் நீளம். அகலம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். ‘தடம்’ ரயிலுக்கும் ஓட்டத்துக்கும் போய்விட்டது. ‘களம்’ என்றால் நாலு பக்கமும் சுற்றிவர இடம் வேண்டும்; இங்கே முன்னே, பின்னே, அவ்வளவுதான். எனக்குத் தோன்றுவது ‘வரப்பு’. எங்கள் ஊரில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் வயலில் கால் வைத்தாக வேண்டும், வைத்தவர் கால்தான் சேறாகும். ஆட்டத்திலும் அதே கதை: பக்கவாட்டில் இறங்கினால் ஆட்டம் நிற்கும், எதிராளி ஒரு மீட்டர் முன்னேறிக்கொள்வார். வரப்பு இவ்வளவு அகலமா என்று கேட்பீர்கள். வண்டி போகும் வரப்பும் உண்டே!

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘இரண்டு காலும் வரப்பின் கடைக்கோட்டைத் தாண்டினால் எதிராளிக்கு ஒரு புள்ளி.’ எனக்கு உறுத்தவில்லை. அகராதியில் மட்டும் ‘ஆட்டவரப்பு’ என்று போடலாம்.

ரிப்போஸ்டுக்குப் ‘பதிலடி’; இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். தாக்குதலைத் தடுத்துவிட்டுக் கொடுப்பது பதிலடி. தடுக்காமல், அவர் பாய்ந்து வரும்போதே குறுக்கே குத்துவதற்கு ‘எதிர்த்தாக்கு’. இரண்டையும் கலந்துவிட்டால் யாருக்கு முன்னுரிமை என்று நடுவர் சொல்வது புரியாமல் போகும்.

வாளின் கைப்பிடிக்கு மேலே கையைக் காக்கும் கிண்ணத்துக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. சிலம்பம், களரி தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.