விண்டோஸை விட்டு லினக்ஸ் மின்ட்டுக்கு வந்தாயிற்று: தமிழ் எழுதவும் வலைப்பதிவுக்கும் என்ன மென்பொருள் வைத்துக்கொள்வது?

கேள்வி: நாங்குநேரி, பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கூந்தன்குளம், விஜயநாராயணம் பக்கத்துக் குளங்களைப் பற்றியும் அங்கு வரும் பறவைகளைப் பற்றியும் நெடுநாளாக பிளாகரில் எழுதிவருகிறேன். என் மடிக்கணினி பழையது. ஆறாம் தலைமுறை ஐ3, நினைவகம் 4 ஜிபி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தக் கணினியை ஏற்காது. நன்றாக உழைக்கும் கணினியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஆகவே புதிய எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தி, அதில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தின், பழைய கணினிக்கும் ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுக்கொண்டேன். பழைய வன்தட்டு விண்டோஸோடு அப்படியே அலமாரியில் இருக்கிறது.

கணினி இப்போது விரைவாகத் திறக்கிறது. ஆனால் அன்றாட வேலை ஒவ்வொன்றும் தடைப்பட்டு நிற்கிறது. விண்டோஸில் என்எச்எம் ரைட்டரில் தமிழ்99 முறையில் அடித்துப் பழகியவள் நான். இங்கே தமிழே வரவில்லை. பதிவுகளை ஓபன் லைவ் ரைட்டரில் எழுதி, படங்களை அடுக்கி, அங்கிருந்தே வெளியிடுவேன். அது இங்கே இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய கட்டுரைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டுகின்றன. பறவைப் படங்களை அடுக்கவும் திருத்தவும் பிக்காசா மென்பொருளைத்தான் இன்னும் வைத்திருந்தேன். இவற்றோடு பள்ளி வினாத்தாள் வேலையும் உண்டு.

எதை முதலில் சரிசெய்வது, எதற்கு மாற்று தேடுவது, எதை மறந்துவிடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வண்ணார்பேட்டை, கணினி பழுதுபார்ப்பவர்

அக்கா, முதலில் தமிழ் உள்ளீட்டை முடித்துவிடுங்கள். அது வராமல் மற்ற எதைப் போட்டும் பயனில்லை.

சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து 'ஐபஸ்-எம்17என்' என்று தேடி நிறுவுங்கள். பிறகு மெனுவில் 'இன்புட் மெத்தட்' என்ற கருவியைத் திறந்து, உள்ளீட்டுச் சட்டகமாக ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து ஒரு முறை லாக்-அவுட் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும். பலர் இந்த இடத்தைத் தவறவிட்டுவிட்டு, நிறுவியும் தமிழ் வரவில்லை என்று கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். உள்ளே வந்ததும் ஐபஸ் விருப்பங்களில் 'ஆட்' கொடுத்து, தமிழ் என்ற பிரிவுக்குள் தமிழ்99-ஐச் சேருங்கள். தட்டச்சுப்பொறி, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் முறைகளும் அங்கேயே இருக்கும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. தமிழ்99 என்பது 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற விசைப்பலகை. எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் அதே இடத்தில் அதே எழுத்து இருக்கும். ந, எ, ல, ல, ஐ என்று ஐந்து விசைகளைத் தட்டுங்கள், 'நெல்லை' வந்துவிடும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும் என்ற விதியும் அப்படியே இருக்கிறது.

மற்றவை எளிது. இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், மின்னஞ்சலுக்கு தண்டர்பேர்ட், வினாத்தாளுக்கு லிப்ரே ஆபிஸ் மூன்றும் மின்ட்டோடேயே வந்திருக்கும். காணொளிக்கு விஎல்சி போட்டுக்கொள்ளுங்கள். மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு, அதுவரை கவலை இல்லை. பழைய வன்தட்டை மட்டும் யார் சொன்னாலும் அழித்துவிடாதீர்கள்.

ஓபன் லைவ் ரைட்டரை வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி) வழியாக ஓட்டிப்பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வலைப்பதிவு எழுதுகிறவர்கள் யாராவது சொல்லட்டும்.

பதில்: பாளையங்கோட்டை, அச்சகம் நடத்துபவர்

டீச்சர், பாமினிக் கோப்புகளைப் பற்றி நான் சொல்கிறேன். அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அன்றாடப் பிழைப்பு.

பாமினியில் அடித்த கோப்புக்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தாம். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவே. 'தமிழ்' என்று அடித்த சொல் பாமினி இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அழித்துவிட வேண்டாம். பழைய வன்தட்டில் விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் பாமினி இருக்கும். அதை எடுத்துவந்து இரட்டைச் சொடுக்குச் செய்து நிறுவினால் லிப்ரே ஆபிஸில் கட்டுரை பழையபடி தெரியும்.

ஆனால் தெரிந்தால் மட்டும் போதாது. அந்தக் கட்டுரைகளில் 'கூழைக்கடா' என்று தேடினால் கிடைக்காது. பிளாகரில் ஒட்டினால் மறுபடியும் ஆங்கிலக் குப்பைதான் வரும். கையோடு யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். தமிழ்நாட்டு அரசே 2010-இல் யூனிகோடையும், டேஸ்16 என்ற தமிழுக்கான குறியாக்கத்தையும் தரமாக அறிவித்துவிட்டது. பாமினியில் வைத்திருப்பதற்கு இனி ஒரு காரணமும் இல்லை. பாமினியிலிருந்து மாற்றித்தரும் இணையப் பக்கங்கள் நிறைய உண்டு. நிரல் எழுதத் தெரிந்த மாணவர் யாராவது அருகில் இருந்தால் 'ஓபன்-தமிழ்' என்ற பைத்தான் தொகுப்பைக் காட்டுங்கள். ஒரு கோப்புறை முழுவதையும் அதன் மூலம் ஒரே மூச்சில் மாற்ற முடியும்.

இங்கே உங்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. பறவைகளின் அறிவியல் பெயர்களை ஆங்கிலத்தில்தானே அடித்திருப்பீர்கள்? மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. கூழைக்கடாவுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பெலிகேனஸ் ஃபிலிப்பென்சிஸ் என்று ஆங்கில எழுத்தில் இருந்தால், அதையும் தமிழ் என்று எண்ணிப் பொருளற்ற எழுத்துக் குவியலாக்கிவிடும். அடைப்புக்குறியே வேறு எழுத்தாகிவிடவும் கூடும். ஆகவே மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்து மாற்றுங்கள். மாற்றிய பின் ஒவ்வோர் அறிவியல் பெயரையும் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால் திருத்துங்கள். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை, ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

பதில்: தென்காசி, வலைப்பதிவர்

வைன் யோசனையை நான் ஏற்கமாட்டேன் தம்பி. ஓபன் லைவ் ரைட்டர் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் லைவ் ரைட்டரை வளர்ப்பதை நிறுத்திய பிறகு, 2015 டிசம்பரில் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டதால் பிறந்தது அது. கருவியை நான் மதிக்கிறேன், எத்தனையோ தமிழ்ப் பதிவர்களுக்கு அது கை கொடுத்திருக்கிறது. ஆனால் லினக்ஸில் அதை இழுத்துப்பிடித்து ஓட்டினால், பிளாகர் தன் பக்கத்தில் ஏதோ ஒன்றை மாற்றும்போதெல்லாம் நாம் திண்டாட வேண்டியிருக்கும். அதற்கு நிகரான ஒன்றை லினக்ஸில் தேடியும் நாளைக் கழிக்க வேண்டாம். அதன் இடத்தை முழுமையாக நிரப்பும் மென்பொருள் எதையும் நான் பார்க்கவில்லை.

அக்கா, எழுதுவதையும் வெளியிடுவதையும் பிரித்துவிடுங்கள். மின்ட்டிலேயே இருக்கும் எக்ஸ்எட் என்ற எளிய உரைத்தொகுப்பியில் பதிவை எழுதுங்கள். பதிவுக்கு ஒரு கோப்பு, பெயரின் தொடக்கத்தில் தேதி. தலைப்பு, சாய்வெழுத்து எல்லாம் எழுதும்போதே குறித்துக்கொள்ள விரும்பினால் மார்க்டவுன் என்ற எளிய அடையாளக் குறிகளைப் பழகிக்கொண்டு, அதற்கான கோஸ்ட்ரைட்டர் என்ற தொகுப்பியைப் போடலாம். அது கட்டாயம் இல்லை. முடித்ததும் ஃபயர்ஃபாக்ஸில் பிளாகரைத் திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டுங்கள். வெறும் உரை மட்டும் போய் உட்காரும். லிப்ரே ஆபிஸிலிருந்து நேராக நகலெடுத்து ஒட்டினால் எழுத்துரு, அளவு, நிறம் என்று மறைவான குறிகள் கூடவே போகும். ஒரு பத்தி பெரிதாகவும் அடுத்த பத்தி சிறிதாகவும் தெரிகிற பதிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆகின்றன. படங்களை பிளாகரிலேயே ஏற்றி இடம் பாருங்கள்.

இதில் எனக்குப் பிடித்த நன்மை ஒன்று உண்டு. உங்கள் எழுத்தின் மூலப்படி உங்கள் கணினியிலேயே, எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய வடிவில் இருக்கும். நாளை இன்னோர் இயங்குதளத்துக்குப் போனாலும், பிளாகரை விட்டு வேர்ட்பிரஸுக்குப் போனாலும் அந்தக் கோப்புகள் கூடவே வரும். இதுவரை வெளியிட்டவற்றுக்கு, பிளாகர் அமைப்புகளில் 'பேக்கப் கன்டென்ட்' என்பதைக் கொடுத்து இன்றே ஒரு நகல் இறக்கிக்கொள்ளுங்கள். அதில் படங்களும் வந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். படங்களின் மூலம் உங்களிடம் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

பதில்: அம்பாசமுத்திரம், பறவைப் படம் எடுப்பவர்

பிக்காசாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உங்கள் கோப்புகளிலேயே இழப்பு நேரக்கூடிய இடம் அதுதான்.

பிக்காசாவை கூகுள் 2016 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அதில் நீங்கள் வெட்டியதும் வெளிச்சம் கூட்டியதும் படத்தில் எழுதப்படுவதில்லை. அந்தந்தக் கோப்புறையில் மறைந்திருக்கும் ஒரு சிறு கோப்பில் குறிப்பாகத்தான் இருக்கும். வேறு எந்த மென்பொருளில் திறந்தாலும் திருத்தாத படமே தெரியும். எனவே பழைய வன்தட்டை ஒரு முறை திரும்பப் பொருத்தி, இணையத்தில் இணைக்காமல் விண்டோஸைத் திறந்து, பிக்காசாவில் திருத்திய படங்களுக்கெல்லாம் 'சேவ்' கொடுங்கள். அப்போதுதான் திருத்தம் படத்துக்குள் போகும். மூலப்படத்தைப் பிக்காசாவே தனியாக ஒதுக்கி வைத்துக்கொள்ளும், பயம் வேண்டாம்.

லினக்ஸில் படங்களை அடுக்கிவைக்க டிஜிகேம் என்ற மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். நிறுவிய உடனே அமைப்புகளில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், குறிச்சொற்களையும் தலைப்புகளையும் படக் கோப்பிலேயே எழுதும்படி குறியிடுங்கள். 'வரித்தலை வாத்து, கூந்தன்குளம்' என்று நீங்கள் சேர்க்கும் குறிச்சொல் டிஜிகேமின் தரவுத்தளத்தில் மட்டும் தங்கிவிட்டால் பிக்காசாவில் பட்ட பாட்டையே மறுபடியும் படுவீர்கள். கேமராவின் ரா கோப்புகளை (பதப்படுத்தாத மூலப்படங்கள்) திருத்த டார்க்டேபிள் அருமையானது, ஆனால் 4 ஜிபியில் திணறும். உங்கள் கணினியில் இடம் இருந்தால் இன்னொரு 4 ஜிபி சேருங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிகுந்த நன்றி. தமிழ்99 வேலை செய்கிறது, இதையும் அதில்தான் அடிக்கிறேன். பிளாகர் நகல் இறக்கியாயிற்று. பிக்காசாவைப் பற்றி அண்ணன் சொன்னதைப் படித்ததும் பதறிப்போனேன். வரும் விடுமுறையில் முதல் வேலை அதுதான்.

இரண்டு சந்தேகங்கள் மீதம் இருக்கின்றன. லிப்ரே ஆபிஸில் புதுக் கோப்பு திறந்தால் வினா எண்ணும் ஆங்கிலமும் நான் தேர்ந்த எழுத்துருவில் வருகின்றன, தமிழ் மட்டும் வேறு ஏதோ எழுத்துருவில் வருகிறது. அடுத்து, பழைய வன்தட்டை யூஎஸ்பி உறை வழியாக இணைத்தால் கோப்புகளைப் படிக்க முடிகிறது, அதில் எதையும் எழுத முடியவில்லை.

பதில்: வண்ணார்பேட்டை, கணினி பழுதுபார்ப்பவர்

லிப்ரே ஆபிஸ் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் தமிழ் போன்ற மொழிகளுக்கு இன்னொன்றும் தனித்தனியாக வைத்திருக்கும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய், மொழிப் பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதைக் குறியிட்டுத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ரைட்டர் பகுதியில் சிடிஎல் அடிப்படை எழுத்துருக்கள் என்று ஒரு பக்கம் வந்திருக்கும். அங்கே நோட்டோ செரிஃப் தமிழ் என்று வைத்துவிட்டால் இனிமேல் திறக்கும் ஒவ்வொரு கோப்பிலும் அதுவே வரும்.

வன்தட்டு கெடவில்லை அக்கா. விண்டோஸ் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற முறையில் பாதித் தூக்கத்தில் அணைந்திருக்கிறது. அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் சேதமாகலாம் என்பதால் லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. பிக்காசா வேலைக்காக விண்டோஸைத் திறக்கத்தான் போகிறீர்கள். அப்போது பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்திவிட்டு முழுமையாக அணையுங்கள். அதுவரை படித்து நகலெடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

பதில்: பாளையங்கோட்டை, அச்சகம் நடத்துபவர்

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர். வினாத்தாளை அச்சுக்கு அனுப்பும்போது லிப்ரே ஆபிஸிலிருந்து பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து அனுப்புங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே பொதிந்து வரும், அச்சகத்துக் கணினியில் நோட்டோ இல்லாவிட்டாலும் வரி உடையாது. பக்கத்தை நாங்கள் மாற்றி அடுக்க வேண்டியிருந்தால் மட்டும் டாக்ஸ் கோப்பையும் கூட வையுங்கள். தேர்வு நேரத்தில் எல்லாப் பள்ளியிலிருந்தும் ஒரே நாளில் வந்து குவியும், இரண்டு நாள் முன்னதாக அனுப்பினால் மெய்ப்புப் பார்க்க உங்களுக்கும் நேரம் கிடைக்கும்.