கம்போசிஷனில் உள் ஆப்ஜெக்டுகள் ஒன்றோடொன்று பேசுவது எப்படி?

நண்பர்களே, ஒரு வடிவமைப்புச் சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், உதவுங்கள்.

ஜாவாவில் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். முதலில் ஊழியர் என்ற கிளாஸிலிருந்து (ஆப்ஜெக்டுகளை உருவாக்கும் வார்ப்பு) நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்று இன்ஹெரிட்டன்ஸில், அதாவது ஒரு கிளாஸின் பண்புகளை இன்னொரு கிளாஸ் பெறும் முறையில், பிரித்தேன். ஒப்பந்தத்தில் இருந்தவர் நிரந்தரமானதும் சிக்கல் வந்தது. ஜாவாவில் ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கிய பிறகு அதன் கிளாஸை மாற்ற முடியாதே! புதிதாக ஒன்றை உருவாக்கி, பழைய விவரங்களை எல்லாம் நகலெடுக்க வேண்டியதாயிற்று.

சரி என்று கம்போசிஷனுக்கு, அதாவது ஓர் ஆப்ஜெக்டுக்குள் வேறு ஆப்ஜெக்டுகளை வைத்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறைக்கு, மாறினேன். இப்போது ஊழியருக்குள் சம்பள விதி, விடுப்பு விதி என்று இரண்டு இன்டர்ஃபேஸ்கள் (என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லி, எப்படி என்பதை வேறு கிளாஸ்களிடம் விடுபவை). ஒருவர் நிரந்தரமானால் விதிகளை மட்டும் மாற்றினால் போதும். தனித்தனியாக டெஸ்ட் எழுதவும் முடிகிறது. இனி பழைய வழிக்குத் திரும்ப மனமில்லை.

ஆனால் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் சம்பளம் குறைய வேண்டும். அதற்காகச் சம்பள விதிக்குள் ஊழியர் ஆப்ஜெக்டையே கொடுத்தால், இரண்டும் ஒன்றையொன்று சார்ந்துவிடுகின்றன. ஊழியர் கிளாஸே விடுப்பு விதியிடம் நாட்களைக் கேட்டு, அந்த எண்ணை மட்டும் சம்பள விதிக்கு அனுப்பலாமா? எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. அப்புறம் ஊக்கத்தொகை, மிகைநேரப் படி என்று விதிகள் கூடினால் ஊழியர் கிளாஸ் பெருத்துவிடுமோ என்றுதான் பயம்.

இதைச் செய்து பார்த்தவர்கள் எந்த வழியில் போனீர்கள்? நாலு வரி கோட் ஆனாலும் போடுங்கள்.