பிரெஞ்சு வெள்ளி ஸ்பூன்: செய்தவர் முத்திரையைப் படிக்க உதவி வேண்டும்

பழைய வெள்ளிச் சாமான் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்களேன். பாரிஸ் பக்கம் செந்துவான் பழம்பொருள் சந்தையில் வாங்கிய ஸ்பூன்கள் இவை. எட்டுப் பக்கக் கட்டத்துக்குள், பிரெஞ்சு அரசின் வெள்ளித் தர முத்திரையான மினர்வா (ரோமானியப் பெண் தெய்வம்) தலையும் 1 என்ற எண்ணும் தெளிவாக இருக்கின்றன. ஆகவே ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி, 1838க்குப் பிந்தையது என்பதில் சந்தேகமில்லை. முத்திரைக்கு நேர் எதிர்ப்புறம் பூச்சிக் கால் மாதிரி மெல்லிய கோடுகள் தெரிகின்றன. முத்திரை குத்தும்போது அடியில் வைக்கும் பட்டறைக்கல்லிலேயே பூச்சி உருவங்களைச் செதுக்கியிருப்பார்கள், போலியைத் தடுக்க. என்ன மூளை பாருங்கள்!

சிக்கல் செய்தவர் முத்திரையில்தான். சாய்சதுரக் கட்டம், அதனால் முலாம் பூசியது இல்லை; முலாமுக்குச் சதுரக் கட்டம் வரும். உள்ளே இரண்டு எழுத்துகள். இரண்டாவது 'பி'. முதலாவது 'ஈ'யா 'எஃப்'பா என்று பூதக்கண்ணாடியிலும் பிடிபடவில்லை, அடிக்கோடு இருக்கவேண்டிய இடம் தேய்ந்துவிட்டது. நடுவில் ஒரு சின்ன உருவம்: நட்சத்திரமாகவும் இருக்கலாம், பூவாகவும் இருக்கலாம். அந்த உருவம் தெரியாமல் பட்டியலில் தேடினால் ஒரே எழுத்துகளோடு பல பட்டறைகள் வருகின்றன.

இந்த அமைப்பை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், மெழுகுவத்திப் புகைக்கரி படியவைத்து செலோடேப்பில் ஒற்றியெடுத்தால் தேய்ந்த எழுத்து தெரியும் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பாலிஷ் போடச் சொல்லாதீர்கள், இருக்கிற கோடும் போய்விடும். படங்கள் கீழே.